விளக்கு அணைத்த நேரம்

1941 டிசம்பர் 1, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றும், பார்த்ததைப் பார்த்தது என்றும் பிரித்து எழுதுவேன். எனக்குப் பெருமை தராத விஷயமாக இருந்தாலும் எழுதுவேன். இது சத்தியம். இப்படிக்கு வை. தையல்நாயகி, ஏழாம் வகுப்பு, பினாங்கு.

நோட்டு, செய்யது மாமா கொடுத்தது. எங்கள் வீட்டுக்குக் கீழே தாள் கடை வைத்திருக்கும் நாகூர்க்காரர். கட்டுரைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு என்று கேட்டதும், ஓரம் கோணலாக வெட்டுப்பட்டு விற்காமல் கிடந்த நோட்டு ஒன்றை எடுத்து, "இந்தா புள்ள, நோட்டுதான் கோணல். நீ நேரா எழுது" என்றார்.

நாங்கள் நாலு பேர். அப்பா துறைமுகக் கிட்டங்கியில் சரக்குச் சரிபார்க்கும் குமாஸ்தா. அம்மா. நான். என் தங்கை நீலா என்கிற நீலாயதாட்சி, ஒன்பது வயது. அம்மாவின் ஊர் நாகப்பட்டினம். அங்கே உள்ள அம்மன் பேரை அவளுக்கு வைத்தார்கள். நீலாவுக்குப் படிப்பில் புத்தி போகாது. எண்ணுவதில் மட்டும் ஆசை. கப்பலில் இறங்கும் மூட்டை, மாரியம்மன் கோவில் படி, கறிவேப்பிலைக் கொத்தில் இலை, எதையும் எண்ணுவாள். சிவப்பு ரப்பர் வார் வைத்த கட்டைச் செருப்புப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க மாடிப்படியில் டக்டக்கென்று ஏறி இறங்குவாள். என்னால் படிக்க முடியாது.

சண்டை வந்தாலும் வரலாம் என்று அப்பாவை எங்கள் தெருவுக்கு வார்டனாக, அதாவது காவலராகப் போட்டிருக்கிறார்கள். தகரத் தொப்பி, விசில், ஒரு கை விளக்கு. தினம் சாயங்காலம் தெருவை ஒரு சுற்று வந்து, வெளிச்சம் கசியும் ஜன்னலைத் தட்டி, விளக்கு அணைத்த நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்கிறார். நானும் குறிக்கப் போகிறேன்.

விளக்கு அணைத்த நேரம்: 7.30.

டிசம்பர் 2, செவ்வாய்

திருக்கார்த்திகை. அம்மா பதினெட்டு அகல் வாங்கி வைத்திருந்தாள். வெளியில் விளக்கு வைக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். "வருஷத்துக்கு ஒரு நா. சாமிக்குக்கூட இருட்டடிப்பா?" என்றாள் அம்மா. பேசிப் பேசி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு கூடத்துக்குள்ளேயே ஏற்றுவது, அப்பா விசில் ஊதினதும் குளிர வைப்பது என்று முடிவாயிற்று. அம்மா விளக்கை "அணை" என்று சொல்லவே மாட்டாள். "குளிர வை" என்பாள். ஒரு பூவால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிட வேண்டும். வாயால் ஊதவே கூடாது. ஊதினால் வீட்டிலிருந்து ஓர் உயிர் வெளியே போகுமாம். (இது கேள்விப்பட்டது.)

கூடம் ரொம்ப அழகாக இருந்தது. நீலா இரண்டு தடவை எண்ணினாள். தெருவில் அப்பாவின் விசில் கேட்டது. அம்மா பூ எடுக்க உள்ளே போனாள். நீலாவுக்கு அப்பாவின் விசிலென்றால் பட்டாளத்து உத்தரவு மாதிரி. மண்டியிட்டு ஒவ்வொன்றாக வாயால் ஊதி எல்லாவற்றையும் அணைத்துவிட்டாள். "பதினெட்டும் போச்சு!" என்று இருட்டில் சந்தோஷமாகக் கத்தினாள்.

அம்மா அவளை அடித்தாள். கன்னத்தில். நீலா அழவில்லை. "அப்பா ஊதினாங்க, அதான் நானும் ஊதினேன்" என்றாள்.

7.05.

டிசம்பர் 5, வெள்ளி

அப்பாவுக்கு ஒரு படத்தாள் வந்திருக்கிறது. நம்முடைய விமானங்களும் எதிரியின் விமானங்களும் கீழேயிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று கறுப்பு மையில் போட்டிருக்கிறது. அப்பாவுக்கு இதில் பொறுமையில்லை. நான் எல்லாவற்றையும் இந்த நோட்டின் கடைசிப் பக்கங்களில் பார்த்து வரைந்தேன். மொத்தம் பன்னிரண்டு. இப்போது பேரை மூடிவிட்டுக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். செய்யது மாமா கடை வாசலில் நாலு பேருக்கு முன்னால் பரீட்சை வைத்தார். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.

"நம்ம தெருவுக்கு ஏரோப்ளேன் வாத்தியாரம்மா வந்தாச்சு. இனி வானத்துல காக்கா பறந்தாக்கூட இவகிட்ட கேட்டுட்டுத்தான் பயப்படணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

7.30.

டிசம்பர் 8, திங்கள்

சண்டை வந்துவிட்டது. வாசகசாலை ரேடியோவில் கேட்டோம். கோத்தபாருவில் ஜப்பான்காரன் இறங்கிவிட்டானாம். சிங்கப்பூரில் விடிவதற்கு முன் குண்டு போட்டிருக்கிறான். அங்கே தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தனவாம். அதைக் கேட்டதிலிருந்து அப்பா வேறு ஆளாகிவிட்டார்.

எங்களை நிற்க வைத்துச் சொன்னார். அபாயச் சங்கு ஊதினால் மாடியில் இருக்கக் கூடாது. தெருவுக்குப் போகக் கூடாது. கீழே மாடிப்படிக்கு அடியில் அரிசி மூட்டை அடுக்கி வைத்திருக்கிறது, அதற்குள் போய்க் குந்திக்கொண்டு காதைத் தலையணையால் அடைத்துக்கொள்ள வேண்டும். "நான் வந்து 'வாங்க'ன்னு சொன்னாத்தான் வெளியில வரணும். ராஜாவே வந்து கூப்பிட்டாலும் வரப்படாது."

"அம்மா கூப்பிட்டா?" என்றாள் நீலா.

"அம்மா கூப்பிட்டாலும்."

"அக்கா கூப்பிட்டா?"

அப்பா சிரித்துவிட்டார். "உங்கக்கா எங்க கூப்பிடப்போறா? அவ உள்ள உக்காந்து படிச்சிக்கிட்டிருப்பா."

6.45.

டிசம்பர் 10, புதன்

நேற்றும் இன்றும் கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த் விமானத் திடலில் குண்டு போட்டார்கள். வானத்தில் இரண்டு கட்சி விமானங்களும் சுற்றிச் சுற்றிச் சண்டை போட்டன. ஊரே கடற்கரைக்கு வந்து பார்த்தது. மொட்டை மாடியெல்லாம் ஆட்கள். கச்சான் கடலை விற்கிறவனுக்கு நல்ல வியாபாரம். தூரத்திலிருந்து பார்க்கக் கொசு மாதிரிதான் இருக்கிறது. நானும் நீலாவும் செய்யது மாமாவோடு போனோம். எது நம்முடையது என்று நான் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பித் திரும்பி என்னைக் கேட்டார்கள்.

அப்பாவுக்குத் தெரிந்து, செய்யது மாமாவிடம் சத்தம் போட்டார். "இது என்ன பாய், தேர்த் திருவிழாவா?"

"பினாங்குல என்ன இருக்கு குமாஸ்தா, குண்டு போட? புளியும் புகையிலையும். அவன் பெட்ரோலுக்குக் கட்டுப்படியாவாது."

6.45.

டிசம்பர் 11, வியாழன்

இன்று ஊருக்குள் குண்டு போட்டார்கள். நீலாவைக் காணவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. இன்று முறையாக எழுதுகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். அப்பா காவல் வேலையில் துறைமுகப் பக்கம் போயிருந்தார். அம்மா மீன் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள். சங்கு ஊதியது. நானும் நீலாவும் மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்தோம். விமானச் சத்தம் கேட்டது. கடை வாசல் நடைபாதையில், அஞ்சடியில், ஜனங்கள் திரண்டு நின்று அண்ணாந்து பார்த்தார்கள். நம்முடைய விமானம் என்று யாரோ சொன்னார்கள். நீலா பேச்சைக் கேட்காமல் எழுந்து வெளியே ஓடிவிட்டாள். அப்புறம் குண்டு விழுந்தது. தூசியில் ஒன்றும் தெரியவில்லை. தூசி அடங்கின பிறகு போய்ப் பார்த்தேன். நீலா இல்லை.

இதைத்தான் அப்பாவிடமும் அம்மாவிடமும் சொன்னேன்.

எதிர்வரிசையில் ஆறு கடை இல்லை. தீயணைப்பு நிலையத்திலேயே குண்டு விழுந்ததால் தீயை அணைக்க ஆள் இல்லை. சூலியா தெருப் பக்கம் வானம் சிவப்பாக இருக்கிறது. இன்றும் வந்து போட்டார்கள். அம்மா படிக்கு அடியில் உட்காரவில்லை. அந்த நேரத்திலும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்கிறாள். அப்பா லாரி லாரியாகப் போய்ப் பார்க்கிறார். செத்தவர்களைப் பேர் தெரிந்தால் பேரோடும், தெரியாவிட்டால் தெரியாமலும் கொண்டுபோய் ஒரே குழியில் போடுகிறார்களாம். (கேள்விப்பட்டது.)

"அத்தனை தடவை சொன்னேனே. கேக்கலையே அவ" என்றார் அப்பா.

"அது எப்பவுமே சொன்ன பேச்சு கேக்காத கழுத" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

விளக்கு: மின்சாரம் இல்லை. அணைக்க ஒன்றும் இல்லை.

டிசம்பர் 13, சனி

அம்மா கார்த்திகை அகல்களில் ஒன்றைத் தேடி எடுத்து, எண்ணெய் ஊற்றி, தெருப்பக்கத்து ஜன்னலில் ஏற்றி வைத்தாள்.

அப்பா வந்ததும் கீழேயிருந்தே பார்த்துவிட்டார். படியேறி ஓடி வந்தார். "என்ன செய்யிற நீ? நான் ஊரான் வீட்டு ஜன்னலையெல்லாம் தட்டிட்டு வர்றேன். என் வீட்டு ஜன்னல்ல விளக்கு!"

"தெரு பூரா இருட்டு. பாதி வீட்டக் காணோம். புள்ளைக்கு எது நம்ம வீடுன்னு எப்படித் தெரியும்?"

"மேலேருந்து பாக்குறவனுக்கும் தெரியுமே."

"மேலேருந்து பாக்குறவனுக்கு ஊரே எரியிறது தெரியல, என் ஒத்தத் திரிதான் தெரியப்போவுதா?"

அப்பா பூ இல்லாததால் ஒரு குச்சியால் திரியை இழுத்துக் குளிர வைத்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் அம்மா மறுபடி ஏற்றினாள். அவர் மறுபடி குளிர வைத்தார். சண்டை போடவே இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் இப்படியே மூன்று தடவை.

அப்புறம் அம்மா சொன்னாள். "வாயால ஊதினா அன்னிக்கி. நான் அடிச்சேன். நாலு விரலும் பதிஞ்சிச்சு. அந்தக் கோவத்துலதான் எங்கயோ போய் உக்காந்திருக்கா. வந்துடுவா."

மாடிப்படியை ஏன் இவ்வளவு செங்குத்தாகக் கட்டினார்கள் என்று தெரியவில்லை. மொத்தம் இருபத்து நாலு படி. நான் இப்போது கடைசி இரண்டு படியை ஒரே எட்டில் தாண்டிவிடுகிறேன்.

7.00, 7.10, 7.25.

டிசம்பர் 14, ஞாயிறு

வியாழக்கிழமை குண்டில் அடிபட்ட செய்யது மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். வலது கையில் மணிக்கட்டு வரைதான் இருக்கிறது. அங்கே படுக்க இடமில்லையாம், தானே கிளம்பி வந்துவிட்டார். கடையில் தாளெல்லாம் தண்ணீரிலும் மண்ணிலும் ஊறிக் கிடந்தது. அதன் நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அம்மா ஓடிப் போய்க் கேட்டாள். "பாய், நீங்க வாசல்லதானே நின்னீங்க? எம் புள்ளையப் பாத்தீங்களா? தையலு உள்ள இருந்திருக்கா. சின்னவ மட்டும் தனியா ஓடி வந்தாளாம்."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எழுத என்னிடம் கடிகாரம் இல்லை.

"பொகைம்மா," என்றார். "பொகையில யாருக்கு யாரத் தெரிஞ்சுது."

அம்மா மேலே போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். அவர் இடது கையால் ஒரு தாளைப் பிழிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"எல்லாரும் வேற எதையோ சொல்றாங்க. நான் ஏன் நின்னேன் தெரியுமா? அழகா இருந்துச்சு புள்ள. வெயில்ல வெள்ளி மாதிரி. ஒரே வரிசையா. நீ சொல்லலைன்னாலும் நான் நின்னுதான் பாத்திருப்பேன்."

நான் கீழே கிடந்த இன்னொரு தாளை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"ஆனா ஒங்க ஆத்தாளப் பாத்தியா? தெனம் அந்தக் குண்டுக்குள்ள நடந்து போறா."

7.15. 8.00.

டிசம்பர் 15, திங்கள்

இன்று செய்த வேலைகள். குழாயில் தண்ணீர் வராததால் கோவில் கிணற்றில் எட்டு வாளி. அரிசியில் கண்ணாடித் தூள் பொறுக்கினேன். ஜன்னலுக்குக் கம்பளி கட்டினேன்; அம்மா அவிழ்த்துவிட்டாள்.

படுத்திருக்கும்போது அம்மா திடுக்கென்று எழுந்து, "கட்டைச் செருப்புச் சத்தம், கேட்டுச்சா?" என்றாள்.

கேட்கவில்லை என்றேன்.

எனக்கும் கேட்டது. படியில் ஏறி வந்து, மேலே வருவதற்கு இரண்டு படி இருக்கும்போது நின்றுவிட்டது.

டிசம்பர் 16, செவ்வாய்

வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள், சிலர் ஏற்கெனவே கப்பலேறிவிட்டார்கள் என்கிறார்கள். (கேள்விப்பட்டது.) அப்பாவுக்குத் தொப்பி கொடுத்த துரையின் ஆபீஸ் திறந்து கிடக்கிறதாம், உள்ளே யாரும் இல்லையாம். (அப்பா பார்த்தது.) கடைகளை உடைத்து அள்ளுகிறார்கள். தெருவில் இன்னும் எடுக்காதவர்கள் கிடக்கிறார்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளாமல் நடக்க முடியாது.

அப்பாவின் சிநேகிதர் ஒருவர் மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் பூலாவில் தென்னந்தோப்பில் இருக்கிறார். நாளை மறுநாள் காலை ஒரு லாரி போகிறது. எங்கள் மூன்று பேருக்கும் இடம் சொல்லிவிட்டு வந்தார்.

"நாலு பேருக்குச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

"மீனாட்சி..." அப்பா அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "நாம போயிருவோம். அவ எங்க இருந்தாலும் தகவல் வரும்."

"புள்ள வந்து கதவத் தட்டுனா யாரு தொறப்பா? நீங்க இவளக் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் விளக்க வச்சுக்கிட்டு இங்கேயே இருக்கேன்."

மத்தியானம் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனபோது விமானம் தாழப் பறந்து தெருவில் சுட்டுக்கொண்டே போயிருக்கிறது. அம்மா சாக்கடைக்குள் விழுந்து கிடந்து தப்பினாள். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்துவிட்டது. நான் மஞ்சளும் எண்ணெயும் போட்டேன். "நாளைக்கு சிறைச்சாலைப் பக்கம் பாக்கணும்" என்றாள். "அங்க சில புள்ளைங்கள வச்சிருக்காங்களாம்." யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. அவளாகவே நினைத்துக்கொண்டது.

சாயங்காலம் எங்கள் ஜன்னலில் கல் விழுந்தது. "விளக்க அமத்துடா வார்டன்! உன் மவ போயிட்டான்னா நாங்களும் போவணுமா?" என்று தெருவிலிருந்து ஒருவர் கத்தினார். குரல் தெரிந்த குரல்தான். அப்பா வெளியே எட்டிப் பார்க்கவில்லை. மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

நீலா கடைசியாக அடி வாங்கினாள், கடைசியாகப் பேச்சைக் கேட்காமல் ஓடினாள். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இவர்கள் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டாவதைக் கொடுத்தது நான்.

7.10, அதற்கப்புறம் எண்ணவில்லை.

டிசம்பர் 17, புதன்

முதல் பக்கத்தைப் படித்தேன். 12ஆம் தேதி எழுதியதை அடிக்கவில்லை. பொய் எழுதினேன் என்பதும் நடந்த விஷயம்தானே. அது அங்கேயே இருக்கட்டும். உண்மை இது.

11ஆம் தேதி சங்கு ஊதியதும் நீலா எனக்கு முன்னால் படிக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அப்பா சொன்னபடி குந்திக்கொண்டு இரண்டு தலையணையால் காதை அடைத்துக்கொண்டாள். நான் உட்காரவில்லை. சத்தம் கேட்டதும் அஞ்சடிக்கு ஓடினேன். இரட்டை எஞ்சின். ஒன்பது ஒன்பதாக அணிவகுத்து வந்தன. படத்தாளில் ஐந்தாவது படம், நம்முடைய ப்ளெனிம், அப்படியே இருந்தது. செய்யது மாமா, "என்ன வாத்தியாரம்மா, யாருது?" என்று கேட்டார். "நம்மளது! நம்ம ப்ளெனிம்! சிங்கப்பூர்லேருந்து வருது!" என்று கத்தினேன். கடைக்குள் ஒதுங்கியிருந்தவர்கள்கூட வெளியே வந்தார்கள். சிலர் கைதட்டினார்கள்.

நான் உள்ளே ஓடி நீலாவின் தலையணையைப் பிடுங்கினேன். "வாடி, வந்து எண்ணு" என்றேன்.

"அப்பா வந்து கூப்பிட்டாத்தான் வரணும்" என்றாள்.

"நான் படிச்சிருக்கேன்ல? எனக்குத் தெரியாதா? நம்ம ஏரோப்ளேன்டி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவள் வராமல் உட்கார்ந்திருந்தாள், நான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன் என்று எழுதினால் எனக்கு இன்னும் சுலபமாக இருக்கும். இழுக்கவில்லை. என்னை நம்பி எழுந்து வந்தாள்.

அஞ்சடிக்கு வெளியே தெருவோரம் நின்று விரல் நீட்டி எண்ணினாள். நான் அவளுக்கு இரண்டடி பின்னால், தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன். "இருபது, இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு" என்றாள். அப்புறம் எண்ணவில்லை.

தூசி அடங்கினபோது அவள் சாக்கடை ஓரத்தில் படுத்திருந்தாள். ஒரு காயம்கூட இல்லை. கண் திறந்திருந்தது. வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டேன், உலுக்கினேன். எவ்வளவோ நேரம் கழித்து லாரி வந்தது. ஒரு தமிழ் ஆள்தான் இறங்கி வந்தார். அவளைத் தூக்கிக்கொண்டு, "யாரு புள்ளம்மா இது? ஒனக்குத் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார்.

தெரியும் என்றால், அவள் ஏன் வெளியே வந்தாள் என்று கேட்பார்கள்.

தெரியாது என்று தலையாட்டினேன்.

அவர் அவளை லாரியில் வைத்தார். ஒரு செருப்பு கீழே விழுந்தது. லாரி போன பிறகு அதை எடுத்து வந்து என் புத்தகப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். ஆறு நாளாக அங்கேதான் இருக்கிறது.

இதுவரை எழுதிவிட்டு, அப்பா வந்ததும் செருப்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். நோட்டையும் எடுத்துப் போனேன், வாய் வராவிட்டால் படித்துக் காட்டலாம் என்று. அம்மா ஜன்னலில் விளக்கேற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைத் தரையில் வைத்தேன். சொன்னேன். படிக்கத் தேவைப்படவில்லை.

 அப்பாதான் முதலில் பேசினார்.

"இன்னொரு தடவ சொல்லு. அவ உள்ளதான் இருந்தாளா?"

"ஆமாப்பா. நீங்க சொன்ன மாதிரியே. குந்திக்கிட்டு. ரெண்டு தலையணையும் வச்சுக்கிட்டு."

"நான் வந்து கூப்பிட்டாத்தான்னு சொன்னாளா?"

"சொன்னாப்பா."

அப்பா தொப்பியை முகத்தில் வைத்து மூடிக்கொண்டார். தகரத்துக்குள்ளிருந்து வந்த சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்க வேண்டும் என்றும் நினைத்தேன். செருப்பை எடுத்துப் புடவைத் தலைப்பால் மண்ணைத் துடைத்தாள். வாரின் உள்பக்கம் விரலைவிட்டுப் பார்த்தாள், நீலாவின் கால் இன்னும் அதில் இருக்கிற மாதிரி. "கண்ண மூடிவிட்டியாடி?" என்று என்னைக் கேட்டாள்.

இல்லை என்றேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மூடிவிடவில்லை.

அம்மா நொண்டிக்கொண்டே எழுந்து ஜன்னலுக்குப் போனாள். தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்பா பூவோ குச்சியோ தேடுவதற்காக எழுந்தார். அதற்குள் அம்மா குனிந்து, வாயால் ஊதினாள்.

நாளைக் காலை லாரியில் மூன்று பேர் போகிறோம்.

இந்தக் கடைசி வரிகளை இருட்டில், கோடு தெரியாமல் எழுதுகிறேன். கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

விளக்கு அணைத்த நேரம்: 7.20. இன்று ஒரே தடவைதான்.